டேப்பின் இன்னொரு முனை: ஒரு பில் கலெக்டரின் 28 வருஷம்

வீடு வீடாகப் போய் ஊர் வரி வசூலிக்கும் பில் கலெக்டர் வேலைக்கு வந்த ஆறே மாதத்தில் ஒரு பார்வை வந்துவிடும். தெருமுனையில் நின்றாலே எந்த வீடு கேட்டதும் கட்டும், எந்த வீடு நாலு தடவை நடக்கவிடும் என்று சொல்லிவிடலாம். கேட்டதும் கட்டுவது பெரும்பாலும் சின்ன வீடு. சிரிக்காதீர்கள், சதுர அடியைச் சொல்கிறேன்.

1995-இல் என் வீட்டுக்காரர் தவறியபோது கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்தது இந்த வேலை. சேலத்துக்குப் பக்கத்து ஊர். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற தப்புகளில் பாதி என்னுடையவை, மீதிக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் தெருவில் எதிரே வருகிறார்கள். பாதி ஊர் தறி, கால்வாசி வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மிச்சம் கடைகண்ணி. 2023-இல் ஓய்வு பெறும்வரை சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, காலிமனை வரி எல்லாம் இந்தக் கையால் வாங்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம், கடைசியில் கையடக்க மெஷின். தோள்பை மட்டும் அதே கனம்.

மகள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். வளரும் நாடுகளில் வரி ஏன் ஒழுங்காக வசூலாவதில்லை என்று அவளுக்கு ஒரு பாடம். "நீ பார்த்ததை எழுதும்மா, புத்தகத்துல இருக்கறது பூரா மேலேருந்து பார்த்தது" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன்.

கட்டாதவர்களிடம் காட்ட எங்கள் கையில் இருந்த ஆயுதம் உண்மையில் ஒன்றுதான்: குடிநீர்க் குழாயை வெட்டுவது. சட்டத்தில் ஜப்தி, வழக்கு எல்லாம் உண்டு. அதற்கான கோப்பு மேலே போய்க் கீழே இறங்குவதற்குள் இரண்டு மார்ச் போய்விடும். குழாயை வெட்ட ஒரு ஃபிட்டரும் அரை மணி நேரமும் போதும். தறிக்காரர் வீட்டில் மேட்டூர்த் தண்ணீர் வரும் ஒற்றைக் குழாயை வெட்டினால், பொழுது சாய்வதற்குள் கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுவார்கள். மூன்று மாடி வீட்டுக் குழாயை வெட்டினால்? அங்கே போர்வெல் இருக்கிறது, லாரித் தண்ணீர் வருகிறது, குடிக்கக் கேன். வெட்டினது தெரியவே ஒரு மாதம் ஆகும். மார்ச் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டுமென்றால் நாங்கள் எந்தத் தெருவுக்கு ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போயிருப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

தறிக்காரத் தெருவில் ஒரு பாட்டி. 380 சதுர அடி ஓட்டு வீடு, கூடத்து நடுவில் ஒரு குழித்தறி. எந்தக் காலத்திலோ அளந்தவர் பதிவேட்டில் 'தறிக்கூடம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு சொல்லில் வீடு குடியிருப்புக் கணக்கிலிருந்து நழுவித் தொழிற்கூடக் கணக்கில் விழுந்துவிட்டது. பாட்டி குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு நெய்வதும் அங்கேதான், ராத்திரி பாய் விரிப்பதும் அங்கேதான்.

"தறியைப் பிரிச்சுட்டா வரி கொறையுமா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார்.

"தறியைப் பிரிச்சுட்டா வரியை எதுலேருந்து கட்டுவீங்க பாட்டி?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருஷம் தோன்றவில்லை.

அதே வார்டில் மெயின் ரோட்டின் மேல் ஒரு கல்யாண மண்டபம். பதிவேட்டைத் திறந்தால் அங்கே மண்டபம் கிடையாது: ஒரு காலிமனை, மூலையில் ஓட்டு வீடு. முகூர்த்த நாளில் அந்த 'ஓட்டு வீட்டு' வாசலில் கார் நிற்க இடமிருக்காது. அரையாண்டுக்கு அவர் கட்டியதும் பாட்டி கட்டியதும் கிட்டத்தட்ட ஒரே தொகை. எனக்கு இது தெரியாதா? தெரியும். போகும்போதெல்லாம் ஃபேன் போட்டு உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். பணம் எதுவும் வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வேன். காபியும் ஒரு தொகைதான் என்பது பிறகு புரிந்தது.

இதை உடைத்தது ஒரு டீக்கடைப் பேச்சு. விசைத்தறி வைத்திருந்த ஒரு தம்பியிடம் மூன்று வருஷ நிலுவை கேட்டுக்கொண்டிருந்தேன். கோபமே படாமல் சொன்னான்: "அக்கா, நான் கட்டமாட்டேன்னு சொல்லலைங்க. மண்டபத்துல வாங்கிட்டு அப்படியே நடந்து வாங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் பணத்தோட வாசல்ல நிக்கறேன்." பேச்சில் ஆள் மாறுவார், மண்டபம் மாறும். 28 வருஷமும் நான் கேட்டது இந்த ஒரே வாக்கியம்தான். பணமில்லை என்று சொன்னவர்கள் குறைவு.

இந்த இடத்தில் டி.சி.பி. (டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ்) என்ற தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் எங்கள் வேலை யாருக்கும் விளங்காது. இந்த வருஷம் இவ்வளவு வர வேண்டும் என்பது கேட்பு. வந்தது வசூல். வராதது நிலுவை. வசூலைக் கேட்பால் வகுத்தால் சதவீதம். மாதாந்திரக் கூட்டத்தில் அதிகாரி பார்ப்பது அந்தச் சதவீதத்தை மட்டும். 90-க்கு மேல் என்றால் உட்காரலாம், 80 என்றால் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

கணக்குத் தெரிந்தவர்கள் இதற்குள் பிடித்திருப்பீர்கள். மண்டபத்தை மண்டபமாக எழுதினால் கேட்பு ஏறும். ஏறியது உடனே வசூலாகாது. அவர் ஆட்சேபம் போடுவார், கோர்ட்டுக்குப் போவார். வகுக்கிற எண் பெருத்துச் சதவீதம் விழும். ஒளிந்திருக்கும் கட்டடத்தைக் கண்டுபிடிக்கிற பில் கலெக்டருக்குக் கெட்ட பெயர், கண்ணை மூடிக்கொண்டு பழைய பட்டியலையே வசூலிக்கிறவருக்குப் பாராட்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்த ஏற்பாடு இல்லை. ஆனால் ஊழலே இல்லாமல் ஓர் ஊரின் வரியைக் கோணலாக்க இது ஒன்று போதும்.

அந்தத் தம்பி பேசிய வருஷம், 2013 ஆனி மாதம், உதவி வருவாய் அலுவலரிடம் அனுமதி கேட்டு என் வார்டை அளக்க ஆரம்பித்தேன். முதல் அளவு மண்டபம். வேண்டுமென்றேதான். சின்ன வீட்டிலிருந்து ஆரம்பித்தால் மண்டபம் வருவதற்குள் எனக்கு மாறுதல் வந்திருக்கும். மண்டபக்காரர் காபி கொடுத்தார். "வேண்டாங்கண்ணா, இன்னிக்கு வேலை இருக்கு" என்றேன். 18 வருஷத்தில் முதல் தடவை.

முந்தின வருஷம் என் வார்டுக் கேட்பு சுமார் 42 லட்சம், வசூல் 38 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 91 சதவீதம். அளந்து முடித்த வருஷம் கேட்பு 53 லட்சம், வசூல் 43 லட்சம். ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறையக் கூடுதலாக வந்திருக்கிறது, ஆனால் சதவீதம் 81. மே மாதம் மெமோ வந்தது: 'வசூல் பணியில் மெத்தனம்.' அந்தச் சொல்லை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்போது படித்துக்கொண்டிருந்த மகள், "மெத்தனம்னா மெத்தையில படுக்கறதாம்மா?" என்றாள்.

விளக்கக் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை எழுதினேன். பழைய கேட்புக்கு எதிரான வசூலை ஒரு பத்தியிலும், புதிதாகச் சேர்த்த கேட்பை வேறொரு பத்தியிலும் காட்டுங்கள், கட்டடம் சேர்த்ததையும் வேலையாக எண்ணுங்கள். பதில் வரவில்லை. இன்றைக்கும் ஏதாவது ஓர் உள்ளாட்சியில் பொறுப்பில் இருப்பவர் இதைப் படித்தால், மென்பொருள், டிரோன் எல்லாம் வாங்குவதற்கு முன்னால் அந்த ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். செலவு ஒரு கோடு போடுகிற மை.

அளப்பதில் நான் கற்றுக்கொண்டது டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது. முதலில் ஆபீஸ் பையன் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்தோம். ஒவ்வொரு வாசலிலும் சண்டை. பிறகு, "அண்ணா, இதை அந்தச் சுவத்துல வச்சுப் பிடிங்க, எண்ணை நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று கொடுக்க ஆரம்பித்தேன். தன் வாயால் சொன்ன எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை. அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவரிடமும் கொடுத்துவிடுவேன். இரண்டாவது, கதவு எண் வரிசையில்தான் போவது. பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்ப வந்துவிட்டுத்தான் அடுத்த தெரு. ஒரு வீட்டைத் தாண்டினால் மொத்தத் தெருவும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊரை அளந்து வரி போடுவது நம் பக்கத்தில் புதிதும் இல்லை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோவும் ஓர் உதவியாளராக இருந்து, வயல்வயலாக அளந்தார்கள். நடுவில் மிட்டா மிராசு இல்லாமல் ஒவ்வொரு குடியானவருக்கும் நேரடியாக இவ்வளவு கிஸ்தி என்று கட்டும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்த மண்ணில்தான். அளந்தது நல்ல காரியம், விதித்த தொகைதான் தாங்கவில்லை. பின்னாளில் ஆந்திரப் பக்கத்து மாவட்டங்களைப் பார்த்துக்கொண்ட மன்றோவே 1807-இல், நிலவரியில் கால்வாசியைக் குறைக்கலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். அளவு நேராக இருந்தால் மட்டும் வரி நியாயமாகிவிடாது. ஆனால் அளவே கோணல் என்றால் விகிதத்தை என்ன திருத்தினாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

2022-இல் இது கண்ணெதிரே நடந்தது. அந்த ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரிச் சீராய்வு. சென்னையின் பழைய பகுதிக்கு வேறு விகிதம். சேலம் போன்ற மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். சின்ன வீட்டுக்குக் கம்மி, பெரிய வீட்டுக்குக் கூட, நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படிகள் நிற்பது பதிவேட்டுச் சதுர அடியின் மேல். பதிவேட்டில் 1,150, மாடியையும் சேர்த்தால் நிஜத்தில் 2,400 என்று ஒரு வீடு. பழைய வரி 1,000 ரூபாய் என்றால் 50 சதவீதம் ஏறி 1,500. நேராக அளந்திருந்தால் பழைய வரியே 2,000-த்துக்கு மேல் இருந்திருக்கும், அது இரட்டித்து 4,000-த்தைத் தாண்டியிருக்கும். ஏழைக்காகப் போட்ட சலுகைப் படியில் மாடி வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் கேட்கவும் இல்லை. பதிவேடு தானாகவே கொடுத்தது.

மகள் எனக்கு இரண்டு வெளிநாட்டுக் கதை சொன்னாள். ஒன்று ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன். 2020-இல் அந்த ஊர் மேயர் இவோன் அகி சாயர் செயற்கைக்கோள் படத்தை வைத்து வீடுகளை எண்ணச் சொல்ல, பட்டியலில் இருந்த 57,000 கட்டடம் 1,20,000-ஐத் தாண்டிவிட்டதாம். வீட்டின் மதிப்புக்கும் மதிப்பெண் முறை: கூரை என்ன, ஜன்னல் என்ன, ரோடு எப்படி என்று வெளியே நின்று பார்த்தே புள்ளி போடலாம். எனக்குப் பிடித்தது அந்த 'வெளியே நின்று' என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துச் சரிபார்க்க முடிகிற கணக்கு. எங்கள் கணக்கை எனக்கே ஆபீசில் போய் உட்கார்ந்து போட்டால்தான் புரியும்.

இன்னொன்று பாகிஸ்தானின் பஞ்சாப். அங்கே எங்களைப் போன்ற சொத்து வரி ஊழியர்களுக்கு, வசூல் கூடினால் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை என்று வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வசூல் நன்றாகவே கூடியது. ஆனால் கட்டடம் மறுபடி மதிப்பிடப்பட்டது கொஞ்சம் பேருக்குத்தான். மற்ற பலரிடம் லஞ்சத்தின் ரேட் ஏறிவிட்டது. மகள் வியப்போடு சொன்னாள். எனக்கு வியப்பில்லை. 'உன்னை ஏற்றாமல் விடுவதால் எனக்கு இவ்வளவு நட்டம்' என்று சொல்ல ஊழியருக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன? ஊக்கம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியலைத் தெருவில் ஒட்டிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

பட்டியல் ஒட்டுவதை நானே ஒரு தடவை செய்து பார்த்தேன். தெருவாரியாகக் கதவு எண், சதுர அடி, வகை, வரி. இவ்வளவுதான், நிலுவை கூட இல்லை. நிலுவையை ஒட்டினால் அவமானம், சதுர அடியை ஒட்டினால் கணக்கு. கோயில் பக்கத்துச் சுவரில் ஒட்டிய இரண்டாம் நாளே ஆட்கள் ஆபீஸ் வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வரவில்லை, எதிர்வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தார்கள். கொஞ்சம் அசிங்கமான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மூன்று மாதம் டேப்போடு அலைந்து கண்டுபிடிக்காத மாடிகள் அந்த ஒரு வாரத்தில் வெளியே வந்தன. பாட்டியின் பேரன் வந்ததும் அப்போதுதான்: "எங்க வீட்டுல என்னக்கா தறிக்கூடம்னு போட்டிருக்கு?"

திருத்தம் ஆகப் பதினாலு மாதம் பிடித்தது. கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கையில் தரமாட்டார்கள், வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வார்கள் என்று சொல்லப் போனேன். பாட்டி விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் நான் இருக்கோணுமே கண்ணு" என்றார்.

வசூலில் இன்னொன்று, நாள் பார்ப்பது. எங்கள் ஊரில் தறிக்கும் பட்டறைக்கும் சனிக்கிழமைதான் கூலிப் பட்டுவாடா. வியாழக்கிழமை போய்க் கதவைத் தட்டுகிற பில் கலெக்டருக்குக் கிடைப்பது மோர் மட்டும். பட்டுத் தறிக்காரருக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, உருப்படி ஓடாது. வைகாசியில் கேட்டால் கட்டுவார். கொலுசுப் பட்டறைக்குத் தீபாவளி ஆர்டர் முடிந்த கையோடு. ஆறு மாத வரியை ஒரே தடவையில் கேட்காமல், மாதம் 100, 200 என்று முன்பணமாக வாங்கிக்கொள்ள வழி இருந்தால் என் வார்டில் பாதி நிலுவை நின்றிருக்காது. சீட்டுக் கட்டத் தெரிந்த ஜனங்களுக்கு வரி கட்டத் தெரியாதா?

"நாங்க ஏழைங்க, வரியெல்லாம் கட்டறதில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை, பாவம் அவர்களுக்கே தெரியாது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது, நாட்டிலேயே முதலாவதாக. அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்பில் 18 சதவீதம், இப்போது 5. மண்டபக்காரரும் பாட்டியும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். தொழில் வரியோ அதற்கு மேல்: அரசியல் சட்டமே வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 1988-இலிருந்து தடுத்து வைத்திருக்கிறது. மாதம் லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் டாக்டருக்கும் அதே உச்சம், நடுத்தர குமாஸ்தாவுக்கும் அதே உச்சம். ஆளைப் பார்த்து ஏற்றி இறக்க ஊர் ஆபீசின் கையில் இருப்பது வீட்டு வரி ஒன்றுதான். அதனால்தான் சதுர அடிக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். தொகையை விட்டுவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள்: பரப்பளவு, பயன்பாட்டு வகை, கட்டட வகை. கூரை ஓடா கான்கிரீட்டா என்பதில் தப்பு சகஜம். தப்பிருந்தால் வாயால் சொல்லாதீர்கள், மனு கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எந்த ஊழியரிடமும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், அது என்னைப் போல் காபி குடிக்கிறவராக இருந்தாலும். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, 5,000 ரூபாய் வரை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் வாரம் வரிசையில் நிற்பவர்கள் யார் என்கிறீர்கள்? மாடி வீட்டுக்காரர்கள்தான்.

மண்டப வழக்கு நான் ஓய்வு பெறும்போதும் முடியவில்லை. பாதித் தொகையைக் கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு, கட்டினார். அந்த விசைத்தறித் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முழு நிலுவை இல்லை, அவனும் பாதி. "அவர் பாதி, நானும் பாதிக்கா" என்றான். என்ன சொல்வது?

போன தை மாதம் என் வீட்டு ரசீதையே எடுத்துப் பார்த்தேன். 620 சதுர அடி. மகள் படிக்க 2016-இல் மாடியில் ஒரு அறை போட்டோம், 200 அடிக்குக் கொஞ்சம் குறையும். ரசீதில் அது இல்லை. ஊர் மாடியெல்லாம் எண்ணியவளுக்குத் தன் தலைக்கு மேலே இருந்தது ஏழு வருஷம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். என் வார்டை இப்போது பார்ப்பது ஒரு சின்னப் பையன், மரியாதையானவன். மனுவைப் படித்தான், எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, இதை ஏப்ரலுக்கு மேல குடுக்கறீங்களா? இப்ப ஏத்தினா என் பர்சன்டேஜ் விழுந்துடும்மா."

மனுவைத் திருப்பி வாங்கவில்லை. முத்திரை போட்டுக் கொடு சாமி என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் காபி சொல்லி அனுப்பினான்.